நெஞ்சாங்கட்டை

கரிசல் காட்டில் குளிர்காய விறகா என்று சிரிப்பவர்கள் அந்த வருசத்துக் கார்த்திகையைப் பார்த்திருக்க மாட்டார்கள். வெயிலை நம்பிப் பிழைக்கிற சீமை அது. வெயில் இருந்தால்தான் வெடிக் கம்பெனியில் மருந்து காயும், தீப்பெட்டியாபீசில் குச்சி காயும், களத்தில் வத்தல் காயும். அறுபத்தோராம் வருசம் கார்த்திகை பிறந்ததிலிருந்து பதினோரு நாள் சூரியன் எட்டிப் பார்க்கவில்லை. எம். புதுப்பட்டிக்குத் தெற்கே, ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த முப்பது வீடுகளும் தண்ணீருக்கு நடுவே எடுத்து வைத்த மாதிரி நின்றன. சுவரில் கை வைத்தால் மண் ஒட்டிக்கொண்டு வந்தது.

மழையின் ஐந்தாம் நாள் மத்தியானம் பஞ்சம்மாளுக்குப் பனிக்குடம் உடைந்தது. ஏழு மாதம். வளையல் போட்டுத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்து எட்டு நாள்கூட ஆகவில்லை. தாய்வீடு என்று பேர்தான். தாய் குருவம்மாள் செத்து எட்டு வருசம். இருந்ததெல்லாம் கட்டிலில் கிடக்கிற அப்பன் பெத்தணன், அண்ணன் மாரிசாமி, மாரிசாமியின் பெண்டாட்டி ராமுத்தாய்.

ராமுத்தாயும் பக்கத்து வீட்டு முத்துமாரியம்மாளும் சேர்ந்து பிள்ளையை எடுத்தார்கள். பெண். ஒரு முழம்கூட இல்லை. தோலுக்கு அடியில் நரம்பு ஓடுவது தெரிந்தது. வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை.

"பொட்டதான்" என்றாள் முத்துமாரியம்மாள், கையைக் கழுவிக்கொண்டே. "ஏழு மாசத்துச் சிசு தங்காதுத்தா. ஆத்தாளையாவது பாத்துக்கோங்க."

ராமுத்தாய்க்கு வந்த கோபத்தில் அவள் கையிலிருந்த செம்பைப் பிடுங்கி வைத்தாள். ஆண் பிள்ளையாக இருந்திருந்தால் இந்நேரம் ஓடையில் கயிறு கட்டி நாலு பேர் இறங்கியிருப்பார்கள். திகைத்துப் போய் நின்ற புருசனைப் பார்த்துக் கத்தினாள்.

"நீந்தத் தெரியும்தான? கெணத்துல குட்டிக்கரணம் போடத் தெரியும்தான? போயி நர்சம்மாவக் கூட்டிட்டு வாங்க. கூட்டாம வந்தீகன்னா இந்த வீட்ல உலை வைக்க மாட்டேன்."

மாரிசாமி போனான். மறுநாள் காலையில் வெள்ளைச் சேலையைத் தொடை வரைக்கும் ஏற்றிச் சொருகிக்கொண்டு, பையைத் தலையில் வைத்து, அவன் தோளைப் பிடித்தபடி ஓடையைத் தாண்டி வந்தாள் ஞானதீபம். திருத்தங்கல்காரி, வேதக்கார வீட்டுப் பெண். பிள்ளையைத் துணியோடு தராசுக் கொக்கியில் தொங்கவிட்டுப் பார்த்தாள்.

"மூணு ராத்தல். துணியக் கழிச்சா அதுவும் இல்ல."

"பொழைக்குமா நர்சம்மா?"

"மதுரைப் பெரியாஸ்பத்திரில இதுக்குன்னு கண்ணாடிப் பெட்டி இருக்குன்னு சொல்றாக. அங்கன போகணும்னா மொதல்ல இந்த ஓடையத் தாண்டணும். தாண்டுறதுக்குள்ள பிள்ள வெறைச்சிரும். அதனால இந்த அறைதான் பெட்டி. சூடு இருக்கணும், ராத்திரி பகல் ஒன்னுபோல இருக்கணும். பால சங்குல சொட்டுச் சொட்டா விடுங்க. ஆனா புகை ஆகாது. இதோட நெஞ்சு நெல்லிக்காத்தண்டி. ஒரு பொட்டுப் புகை தாங்காது."

"அப்ப கங்கு."

"கங்குதான். வெளிய எரிச்சு, புகை செத்து, செவப்பாக் கனிஞ்ச பெறகு சட்டியில அள்ளிட்டு வந்து வையி. அதுலயும் ஒன்னு இருக்கு. கங்குலருந்து கண்ணுக்குத் தெரியாத காத்து ஒன்னு வரும். கதவ அடச்சுப் போட்டுப் படுத்தீகன்னா தூங்குன மாதிரியே போயிருவீக. மேல ரெண்டு ஓட்டப் பிரிச்சு விடு."

"எத்தன நாளைக்கு?"

"நாலு ராத்தல் தொடணும். மூணு வாரம்னு வச்சுக்கோ."

ஞானதீபம் பிள்ளையின் நெற்றியைத் தொட்டு வாய்க்குள் ஜெபம் சொல்லிவிட்டு எழுந்தாள். ராமுத்தாய்க்கு ஜெபம் காதில் விழவில்லை. மூன்று வாரத்துக்குக் கங்கு. எந்த விறகில்?

அந்த வீட்டில் விறகு என்றால் ராமுத்தாய்தான். வெட்டுவது அவள், சுமப்பது அவள், பிளப்பது அவள், ஊதுவது அவள், புகைகிறது என்று பேச்சு வாங்குவதும் அவள். மாரிசாமிக்கு விறகைப் பற்றித் தெரிந்ததெல்லாம் சோறு வெந்திருக்கிறதா இல்லையா என்பது மட்டும். கல்யாணமாகி ஆறு வருசம். பிள்ளை இல்லை. விருதுநகர்ப் பங்குனிப் பொங்கலுக்கு மூன்று தடவை தீச்சட்டி எடுத்திருக்கிறாள். அம்மன் பிள்ளையைக் கொடுக்கவில்லை. எந்த மரத்துக் கங்கு எவ்வளவு நேரம் தாங்கும் என்கிற படிப்பை மட்டும் உள்ளங்கையில் சுட்டுக் கொடுத்திருந்தாள்.

பருத்திமார் ஆகாது. பற்றும், குதிக்கும், ஒரு மூச்சில் போய்விடும். பனைமட்டையில் சத்தம்தான் உண்டு. வேம்பு கண்ணைக் குத்தும். முருங்கையும் ஒதியும் விறகில் சேர்த்தியே இல்லை, பட்டை போட்ட தண்ணீர். புளி நல்ல கங்கு கொடுக்கும், ஆனால் வெட்டிப் போட்டிருந்த புளியங்கிளை ஆறு நாளாக நனைகிறது. கண்மாய்க் கரையில் புதுசாக முளைத்து வருகிற சீமைக்கருவேல் இன்னும் கைத்தடிப் பருமன்கூட இல்லை. நாட்டுக் கருவேல்தான் வேண்டும். பட்டை உரித்து, வருசக்கணக்கில் காய்ந்து, வைரம் மட்டும் மிஞ்சிய கருவேலங்கட்டை.

அன்றைக்குப் புளியங்கிளையை அடுப்படியில் சுற்றி அடுக்கி உலர்த்திப் பார்த்தாள். மேல் காய்ந்தது, உள்ளே ஈரம். முனையில் நுரை தள்ளியது. கங்காகிவிட்டது என்று நினைத்துச் சட்டியில் அள்ளிக்கொண்டு போனாள். ஒரு துண்டு உள்ளே போய்ப் புகைந்தது. ஒரே ஒரு நூல் புகை. பிள்ளையின் உதடு நாவல்பழ நிறத்துக்குப் போனது. பஞ்சம்மாள் "மதினீ" என்று அலறினாள். சட்டியைத் தூக்கிக்கொண்டு மழைக்குள் ஓடினாள் ராமுத்தாய். கங்கு மேல் மழை விழுந்து சீறியது.

அவள் அங்கேயே நின்று தொழுவத்தைப் பார்த்தாள். ஊரிலேயே காய்ந்த கருவேலங்கட்டை ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. அது அவள் வீட்டிலேயே இருந்தது.

அது பெத்தணன் தன் சிதைக்கென்று அடுக்கி வைத்த கட்டை.

குருவம்மாள் செத்தது ஓர் ஐப்பசி மழையில். ஈர விறகில் வைத்துச் சீமெண்ணெய் ஊற்றினார்கள். எண்ணெய் எரிந்து தீர்ந்ததும் தீ அணைந்தது. பாதி வெந்த பெண்டாட்டிக்கு ஒரு ராத்திரியும் ஒரு பகலும் கம்பு வைத்துக்கொண்டு காவல் நின்றார் பெத்தணன். சுற்றிலும் நாய்கள். மறுநாள் தன் வீட்டுக் கூரையில் கைமரத்தைப் பிரித்துக் கொண்டுபோய்த்தான் எரித்து முடித்தார். அடுத்த மாசமே தன் வரப்பில் நின்ற நாலு கருவேலத்தையும் வெட்டினார். பட்டையை உரித்தார். வண்டு துளைக்காமல் இருக்க ஒரு மாசம் கண்மாய்ச் சேற்றில் ஊறப் போட்டார். எடுத்துக் காய வைத்து, தொழுவத்தை ஒட்டி ஒரு சாய்ப்பு இறக்கி, கல் பரப்பி அதன்மேல் அடுக்கினார். முப்பது கட்டை. அதற்கு மேலே தனியாக ஒன்று, கணு இல்லாமல், வைரம் பாய்ந்தது. நெஞ்சாங்கட்டை. எரிகிற பிணம் எழும்பாமல் இருக்க நெஞ்சின்மேல் வைப்பார்களே, அது. வருசா வருசம் அதற்கு வேப்பெண்ணெய் பூசுவார். போன வருசம் வண்டியிலிருந்து விழுந்து இடுப்பு போனதும் கட்டிலைச் சாய்ப்பிலேயே போடச் சொல்லிவிட்டார். "என் கட்ட பத்திரம்" என்று அவர் சொன்னால் உடம்பைச் சொல்கிறாரா, விறகைச் சொல்கிறாரா என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

ராமுத்தாய் கோடாலியோடு போய் நின்றாள்.

"மாமா, கட்டை வேணும்."

"எந்தக் கட்ட?"

"ஒங்க கட்ட."

கிழவர் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டிப் பொக்கை வாயைத் திறந்து சிரித்தார். "இதயா? தூக்கிட்டுப் போ. போய்ச் சுடுகாட்டுல வச்சுட்டு வா."

"வெளையாடாதீக மாமா. பிள்ள வெறைக்குது."

சிரிப்பு நின்றது. "ஏத்தா, புத்தி கெட்டுப் போச்சா ஒனக்கு? பிள்ள பெத்த வீட்ல சாவுக்கட்டைய எரிப்பாகளா? எமன வெத்தல பாக்கு வச்சுக் கூப்புட்ட மாதிரி."

கதவு ஓரம் நின்ற மாரிசாமியும் சேர்ந்துகொண்டான். "அப்பா கட்டையத் தொடாத. ஊரு காறித் துப்பும்."

"துப்பட்டும். அந்த எச்சியாவது சூடா இருக்கும்."

"நான் மளையில செத்தா?" கிழவரின் குரல் திடீரென்று உயர்ந்தது. "குருவம்மா பட்டது எனக்கும் வரணுமா? நீ பாத்தியா? நான் பாத்தேன். ஒரு கால நாய் இளுத்துச்சு. என்னையவும் நாய்க்குப் போடப் போறீகளா?"

ராமுத்தாய் கோடாலியை இறக்கினாள். கிழவர் பொய்யாகப் பயப்படவில்லை. அவருடைய கால் இரண்டும் சாக்கில் சுற்றியிருந்தது. சாக்கு ஈரமாக இருந்தது. சாய்ப்பின் ஓலை வழியே சொட்டிய தண்ணீர் கட்டில்மேல்தான் விழுந்தது, கட்டைகள்மேல் ஒரு சொட்டு விழவில்லை. நல்ல ஓலையை எல்லாம் கட்டைப் பக்கம் போட்டு வைத்திருந்தார்.

பிறகு அவரே கேட்டார். "பிள்ள ஏன் அளுகல? ரெண்டு நாளாச் சொவத்துல காத வச்சுக்கிட்டுக் கெடக்கேன். சத்தமே இல்ல."

"அளுகிறதுக்குச் சூடு வேணும் மாமா. அளுகக்கூடத் தெம்பு இல்ல அதுக்கு."

மழை ஓலையில் அடித்தது.

"ஒங்களுக்குன்னு வச்சதுதான், இல்லங்கல" என்றாள் ராமுத்தாய். "எட்டு வருசமாக் காய வச்சிருக்கீக. இதுல ஒரு நாளாவது குளுந்த காலக் காட்டியிருக்கீகளா? செத்த பெறகு இதோட சூடு ஒங்களுக்குத் தெரியவா போகுது?"

கிழவர் அவளையே பார்த்தார். கட்டைகளைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார்.

"ஏலே மாரி."

"என்னப்பா?"

"கட்டிலத் தூக்கு. பிள்ள கெடக்க அறையில கொண்டு போய்ப் போடு."

"பெத்தவ கெடக்க எடம்ப்பா. தீட்டு. ஆம்பள போவாகளா?"

"கட்ட என் கட்ட. நான் காயத்தான் வச்சது. செத்துக் காஞ்சா என்ன, இருந்து காஞ்சா என்ன? ஆளு உசிரோட இருந்து காஞ்சா அது அடுப்புக் கட்டதாம்லே, சாவுக்கட்ட இல்ல. நான் அந்த அறையில காயறேன். எனக்குப் போக மிச்சச் சூடு எவ மேல பட்டாலும் நான் கேக்க மாட்டேன்." விரலை நீட்டினார். "அந்த ஒன்னத் தவிர. நெஞ்சாங்கட்டைய எவ தொட்டாலும் கைய வெட்டுவேன்."

அந்த அறையில் அப்படித்தான் இரண்டு படுக்கை விழுந்தது. நடுவே பழைய கண்டாங்கிச் சேலையைக் கட்டித் தொங்கவிட்டாள் ராமுத்தாய். பஞ்சம்மாள் முதலில் கூச்சத்தில் அழுதாள். கிழவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "நான் கெடக்கேன்னு நெனைக்காத. ஒரு கட்ட கெடக்குன்னு நெனச்சுக்கோ" என்றார்.

ஊருக்கு ஒரு நாளுக்குள் தெரிந்துவிட்டது. மழைக்குச் சாக்கைப் போர்த்திக்கொண்டு முத்துமாரியம்மாள் முற்றத்துக்கு வந்தாள்.

"என்ன ராமுத்தாயி, ஒங்க மாமனாரும் பெத்துருக்காராமே?"

"ஆமாக்கா. சொகப்பிரசவம். பத்தியக் கொளம்பு வச்சா அவருக்கும் சேத்துக் கொண்டாங்க."

முத்துமாரியம்மாள் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். சாயங்காலம் பூண்டுக் குழம்பு இரண்டு கிண்ணத்தில் வந்தது.

எட்டு வருசம் காய்ந்த கருவேலம் இரும்பு மாதிரி. கோடாலி முதல் போடில் துள்ளித் திரும்பியது. ராமுத்தாய் கோடாலியை வைத்துவிட்டு, முனையில் வெடிப்பு இருக்கும் இடம் பார்த்து ஆப்பு வைத்து, சம்மட்டியால் அடித்தாள். நாலாம் அடியில் கட்டை 'டப்'பென்று வாய் பிளந்தது. உள்ளே கருப்பட்டி நிறம். அந்த நிறத்தைப் பார்த்ததும் அவளுக்குக் கை வலி மறந்துபோனது. முழக் கணக்கில் துண்டுபோட்டு, நாலாய் எட்டாய்ப் பிளந்தாள். இறவாரத்துக்கு அடியில் குழி தோண்டி, மேலே ஒரு தகரத்தைச் சாய்த்து, அங்கே எரித்தாள். தீ அடங்கும்வரை காத்திருந்தாள். புகை செத்துவிட்டதா என்று முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். கண் எரியவில்லை என்றால் சரி. பிறகு பரணிலிருந்து எடுத்த தீச்சட்டியில் அடியில் சாம்பல் பரப்பி, இடுக்கியால் கங்கு கங்காக எடுத்து அடுக்கி, மேலே ஒரு பிடி சாம்பல் தூவினாள். சட்டியின் கழுத்தில் போன பங்குனியில் கட்டிய மஞ்சள் கயிறு இன்னும் இருந்தது.

வேண்டுதலுக்கு எடுத்தபோது ஊரே பின்னால் வந்து குலவை போட்டது. இப்போது ஒரு நாளைக்குப் பத்துத் தடவை எடுத்தாள். பின்னால் ஒரு நாயும் வரவில்லை.

சட்டியைக் கிழவரின் கட்டிலுக்கும் பிள்ளையின் படுக்கைக்கும் நடுவே வைப்பாள். பிள்ளைக்கு இரண்டு பக்கமும் சூடேற்றிய செங்கல், பழைய வேட்டியில் சுற்றி. கிழவர் படுத்தபடியே உள்ளங்கையைச் சட்டிப் பக்கம் நீட்டி வைத்திருப்பார். கை குளிர்ந்ததும் சத்தம் போடுவார்.

"ஏத்தா, நீத்துப் போச்சு. கனிஞ்சிருச்சா அடுத்தது?"

"கனியணும் மாமா. பொறுங்க."

"கனி கனின்னு எம்புட்டு நேரம்?"

மூன்றாம் நாள் காலையில் பிள்ளை அழுதது. காய்ந்த கதவு திறக்கிற மாதிரி ஒரு சத்தம். ராமுத்தாய் வெளியே சம்மட்டியைக் கீழே போட்டாள். உள்ளேயிருந்து கிழவரின் குரல் வந்தது.

"எவ அவ? என் கட்டையில காஞ்சுக்கிட்டு என்னையவே வையிறா?"

பஞ்சம்மாள் சேலைக்கு அந்தப் பக்கம் சிரித்தாள். பிள்ளை பிறந்த பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். அன்றிலிருந்து பிள்ளைக்குக் கனி என்று பேராகிவிட்டது. பின்னால் செல்லக்கனி என்று எழுதினார்கள்.

மழை ஒரு வாரம் விட்டபோது பஞ்சம்மாளின் புருசன் செல்லப்பாண்டி வந்தான். புதுப்பட்டி வெடிக் கம்பெனியில் மருந்து அறையில் வேலை. கார்த்திகைத் தீபத்து ஆர்டரை முடித்துக் கொடுத்துவிட்டு நேராக வந்திருந்தான். கை, கழுத்து, காது மடல் எல்லாம் வெள்ளி மாதிரி மின்னியது. தோளில் ஒரு சாக்கு.

"அங்கனயே நில்லுங்க தம்பி!" ராமுத்தாய் கங்குச் சட்டியோடு பின்வாங்கினாள். "மருந்துத் துணியோட வீட்டுக்குள்ள வாரீகளே, எல்லாரையும் ஒன்னா வெடி போட்டு அனுப்பவா?"

கிணற்றடியில் இருபது வாளி ஊற்றிக் குளித்து, தலையைச் சீயக்காய் போட்டுத் தேய்த்து, மாரிசாமியின் வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்த பிறகுதான் உள்ளே விட்டாள். பிள்ளையை எட்டிப் பார்த்தான். தொடப் போன கையைத் தானே இழுத்துக்கொண்டான், நகக்கண்ணில் வெள்ளி போகவில்லை.

"எங்கம்மா சொல்லுச்சு மதினி" என்றான், வெளியே வந்து, தரையைப் பார்த்துக்கொண்டு. "பொட்டப் பிள்ளைக்கு எதுக்கு இம்புட்டுப் பாடுன்னு..."

"ஒங்கம்மா என்ன, மீசையோடயா பெறந்தாக?"

அவன் சட்டென்று சாக்கைக் காட்டினான். "ஒங்களுக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னு கொண்டாந்தேன். தீப்பெட்டியாபீஸ் கழிவுக் குச்சி. நல்லாக் காஞ்சது. நெருப்புப் பத்த வைக்க லேசா இருக்கும்."

ராமுத்தாய்க்கு மனசு கொஞ்சம் இளகியது. சாக்குக்குள் கை விட்டு ஒரு பிடி அள்ளினாள். வெள்ளைக் குச்சிகளுக்கு நடுவே பத்தில் ஒன்றுக்கு முனையில் கறுப்புப் பொட்டு. மருந்து முக்கிய பிறகு கழித்துப் போட்டது.

"ஏ பாவி மனுசா!"

சாக்கு முற்றத்துச் சேற்றில் போய் விழுந்தது. செல்லப்பாண்டி நெற்றியில் அடித்துக்கொண்டான். கம்பெனியில் தீப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வருகிறவனைப் பிடித்து வெளியே தள்ளுகிறவன், பெத்த மகளுக்குச் சாக்கு நிறையக் கொண்டுவந்திருக்கிறான். உள்ளேயிருந்து கிழவர் கேட்டார்: "மாப்பிள்ள என்ன கொண்டாந்தாக?"

"தீவாளி கொண்டாந்தாக மாமா!"

போகும்போது அவன் கோடாலியை எடுத்து இரண்டு கட்டை பிளந்து கொடுத்துவிட்டுப் போனான். கட்டைகள் கோணலாகத்தான் பிளந்தன. ஆனாலும் பிளந்தான். அதைப் பார்த்து மறுநாள் மாரிசாமியும் சம்மட்டியைத் தூக்கினான். ராமுத்தாய் ஆறு வருசத்தில் முதல் தடவையாக வீட்டில் வேறொருவர் விறகு பிளக்கிற சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்து பழைய சோறு சாப்பிட்டாள்.

ஒரு நாளைக்கு ஒன்றரைக் கட்டை. கார்த்திகை கடைசியில் சாய்ப்பு காலியானது. அதே நேரம் பார்த்து மழை திரும்பி வந்தது. இரண்டு நாள் விடாமல் அடித்தது. ஓடை மறுபடி நிறைந்தது. கடைசியாக ஞானதீபம் வந்தபோது பிள்ளை மூணேமுக்கால் ராத்தல். "விட்டுராதீக. இப்ப விட்டா இம்புட்டும் வீண்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

காலையில் சட்டியில் சாம்பல்தான் இருந்தது. பிள்ளையின் உள்ளங்கால் சில்லிட்டிருந்தது. பஞ்சம்மாள் அதைத் தன் வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொண்டாள். பால் இறங்கவில்லை. சங்கில் விட்டது கடைவாய் வழியே வழிந்தது.

ராமுத்தாய் வாசலில் நின்றாள். கேட்கவில்லை. கேட்டால் அவர் மறுக்க வேண்டியிருக்கும், மறுத்தால் அவள் எடுக்க வேண்டியிருக்கும். எடுத்துவிடுவாள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவருக்கும் தெரிந்திருந்தது.

"நர்சம்மா எம்புட்டுச் சொல்லுச்சு?" என்றார் கிழவர்.

"நாலு."

"இப்ப?"

"மூணேமுக்கால்."

"கால் ராத்தல்ங்கிறது எம்புட்டு இருக்கும்?"

"ஒரு கருப்பட்டி வட்டு."

கிழவர் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பிரித்துவிட்ட ஓட்டு ஓட்டையில் சாம்பல் நிற வானம் தெரிந்தது.

"நெஞ்சுல கட்ட வைக்கலன்னா என்ன ஆகும் தெரியுமா ஒனக்கு?"

"எங்களத்தான் அங்கன விடுறதில்லையே. எப்படித் தெரியும்?"

"தீ பிடிச்சதும் நரம்பு இளுக்கும். பொணம் எந்திரிச்சு உக்காரும். உக்காந்து நேராப் பாக்கும். பெத்த மகனே ஓடிருவான். வெட்டியான் கம்பால அடிச்சுப் படுக்க வைப்பான். சாகுற வரைக்கும் எவன்கிட்டயும் அடி வாங்காதவன் நான்."

ராமுத்தாய் உள்ளே வந்து சாம்பல் சட்டியை எடுத்துக்கொண்டே சொன்னாள்:

"எந்திரிச்சா அப்படியே நடந்து வீட்டுக்கு வந்துருங்க மாமா. வெந்நி போட்டு வைக்கேன்."

கிழவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க நேரமானது. பிள்ளை அந்தச் சத்தத்தில் ஒரு தடவை விதிர்த்தது.

"போ, கழுத. நுனிப் பக்கம் பாத்து ஆப்பு வையி. நடுவுல வச்சா தெறிக்கும். என்னைய மாதிரி முரட்டுக் கட்ட."

அந்த ஒரு கட்டையைப் பிளக்கக் காலை முழுக்கப் போனது. ஆப்பு இரண்டு மழுங்கியது. மாரிசாமி அடிக்க, ராமுத்தாய் ஆப்பைப் பிடிக்க, பிறகு அவள் அடிக்க, அவன் பிடிக்க. பிளந்தபோது எட்டு வருசத்து வேப்பெண்ணெய் வாசம் வீடெல்லாம் பரவியது. அதன் கங்கு நீறு பூக்கவே இல்லை. மற்றக் கட்டை ஒரு வேளை நின்றால் இது மூன்று வேளை நின்றது. கிழவர் அன்று முழுக்கக் கையை நீட்டியபடியே இருந்தார். ஒரு தடவைகூட "நீத்துப் போச்சு" என்று சொல்லவில்லை. மத்தியானம் பிள்ளை பால் குடித்தது.

இரண்டாம் நாள் தண்ணீர் வடிந்து ஞானதீபம் வந்தாள். தராசுக் கொக்கியில் துணி ஆடி நின்றது. முள்ளை இரண்டு தடவை பார்த்தாள்.

"நாலு. துணியக் கழிச்சு, நாலு. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

"கர்த்தரா வந்து கட்ட பொளந்தாரு?" என்றார் கிழவர் சுவரைப் பார்த்துக்கொண்டே.

ஞானதீபம் சிரித்துவிட்டாள். "இல்ல தாத்தா. ஒங்க வீட்ல ரெண்டு கட்ட குடுத்தாரு. ஒன்னு எரிஞ்சிச்சு, ஒன்னு எரியாமக் கெடக்கு."

அந்த எரியாத கட்டை அதற்குப் பிறகு எட்டு மாசம் கிடந்தது. மழைக்குப் பயந்த பெத்தணன் செத்தது ஆடி மாசத்தில். மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. காற்று புழுதியை வாரி இறைத்தது. எந்தச் சுள்ளியை எடுத்தாலும் பற்றிக்கொள்ளும். தை பிறந்ததிலிருந்தே ராமுத்தாய் புளியங்கிளையும் வாகைக் கொம்புமாக வெட்டி, உரித்து, அடுக்கி வைத்திருந்தாள். "யாருக்குத்தா இது?" என்று கட்டிலில் கிடந்தபடி அவர் கேட்டபோதெல்லாம் "அடுப்புக்கு மாமா" என்பாள். அவரும் தலையாட்டுவார். நெஞ்சில் வைக்கிற பருமனில் மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை. வரப்பில் நின்ற கருவேலம் நாலும் எப்போதோ போய்விட்டதே.

ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் தெரு முனையோடு நின்றார்கள். பஞ்சம்மாள் அழுதுகொண்டே இருந்தாள். கனி அவள் இடுப்பிலிருந்து சரிந்து இறங்கி, மண்ணில் உட்கார்ந்து, ஒரு மரப்பட்டையை எடுத்து வாயில் வைத்தாள்.

பொழுது சாய மாரிசாமி திரும்பி வந்தான். மொட்டைத் தலை, ஈர வேட்டி. கண் சிவந்திருந்தது. புகையா அழுகையா தெரியவில்லை. கிணற்றடிப் பக்கம் போனவனை ராமுத்தாய் நிறுத்தினாள். சுற்றிலும் ஆட்கள். தணிந்த குரலில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எந்திரிச்சாரா?"

அவன் அவளைப் பார்த்தான். "எந்திரிச்சாரு."

"அடிச்சீகளா?"

"வெட்டியான் கம்பத் தூக்குனான். நான் பிடிச்சுக்கிட்டேன். எல்லாரும் வஞ்சாக. இருக்கட்டும்னுட்டேன். கொஞ்ச நேரம் உக்காந்திருந்தாரு. பெறகு அவராவே படுத்துக்கிட்டாரு."

இறவாரத்துக்கு அடியில் அந்தப் பழைய குழியில் விறகு எரிந்துகொண்டிருந்தது. மேலே அண்டாவில் வெந்நீர் கொதித்தது. சுடுகாட்டுக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று எண்ணி, அதற்கு மேல் ஒரு ஆளுக்குக் கூடுதலாகவே ஊற்றி வைத்திருந்தாள்.